செத்துப்போச்சுன்னு நெனச்ச சத்தம்

வாட்சைக் கழட்டுங்கய்யான்னு ஆஸ்பத்திரியில காது டெஸ்ட்டு எடுக்குற பொண்ணு சொன்னதும், வேட்டியைக் கழட்டச் சொன்ன மாதிரி முழிச்சேன். குளிக்கும்போது கழட்டுனதில்ல, படுக்கும்போது கழட்டுனதில்ல, அட்டை கடிச்சு மணிக்கட்டு வீங்குனப்பகூட ஒரு ஓட்டை தள்ளிப் போட்டேனே தவிர கழட்டல. நீங்க உள்ள இருக்கும்போது அது கத்துச்சுன்னா டெஸ்ட்டு கெட்டுருமுங்க, அம்மாகிட்ட குடுத்துட்டு வாங்கன்னா. என் பொண்டாட்டி ரோணிக்கம் இதுக்குன்னே காத்துக்கிட்டு இருந்தவ மாதிரி கையை நீட்டுனா. எத்தனை வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கா, அந்தச் சனியனைக் கழட்டி எறிங்க, கையில சோப்பு டப்பாவைக் கட்டுன மாதிரி இருக்குன்னு. இப்ப கையில வந்ததும் முந்தானையால அதைத் தொடைச்சு, கைக்குட்டையில சுத்தி, மடியில வச்சு ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டா. வாட்ச் இருந்த எடம் என் கையில வெள்ளையா, வெயிலே படாத தோலு, வேற யாரோட கையோ மாதிரி இருக்கு. இந்தப் பெட்டிக்குள்ள ஒரு நாற்காலி. கோயில்ல பாதருகிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ற கூண்டு இதைவிடக் கொஞ்சம் பெருசு. செவுரு பூரா பஞ்சு, கதவு இரும்புப் பெட்டிக் கதவு கனம். காதுல ரெண்டு மூடியைப் போட்டு அழுத்தி, கையில ஒரு பட்டனைக் குடுத்துட்டா. சத்தம் கேட்டா அமுக்குங்க, ரொம்ப மெல்லிசாக் கேட்டாலும் அமுக்கோணும், சரிங்களாய்யான்னா. பொள்ளாச்சிப் பேச்சு, தேன்ல தொட்ட மாதிரி. கதவைச் சாத்துனா. சாத்துனதும் உலகத்தையே யாரோ பிடுங்கி வெளிய வச்ச மாதிரி ஆயிருச்சு. ஆனா அமைதின்னு சொல்ல முடியாது. உள்ள சில்வண்டு கத்துது. ங்ஙீன்னு ஒரே சீரா, மூச்சு விடாம. பஞ்சுச் செவுத்துக்குள்ள சில்வண்டு எப்படி வந்துச்சுன்னு நான் அண்ணாந்து பாத்தேன் பாருங்க, அப்புறந்தான் உறைச்சுது. சில்வண்டு காட்டுல இல்ல. இத்தனை நாளா அது என் மண்டைக்குள்ளதான் கத்திக்கிட்டு இருந்திருக்கு.

சேசுவே, எதைக் கேக்கட்டும் நான் உன்கிட்ட? பஸ்ல மலை எறங்கி வரும்போது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் கேட்டுப் பாத்தேன், பாதி வளைவுல ஒண்ணு கேட்டேன், மீதி வளைவுல அதை மாத்திக் கேட்டேன், உனக்கே கிறுக்குப் பிடிச்சிருக்கும். எனக்குக் காது நல்லா இருக்குன்னு இந்தப் பொண்ணு சொல்லிட்டா நான் பொழைச்சேன். என் சோறு காதுலதான் இருக்கு. வால்பாறைப் பக்கம் குருவி பாக்க வர்ற எவனும் காதுக்காரரு இருக்காரான்னுதான் கேப்பான், இன்னாசிமுத்துன்னு என் பேரைச் சொன்னா எஸ்டேட்டுலயே பாதிப் பேருக்குத் தெரியாது. கண்ணால குருவி பாக்குறவன் நூறு பேரு. காதால பாக்குறவன் நான். ஆனா காது நல்லா இருந்துச்சுன்னா ஊசிக்குருவி செத்துப்போச்சுன்னு அர்த்தம். மேல சோலையில, ஓடைக்கு அந்தாண்ட, ஆரஞ்சு உடம்பும் கறுப்பு ரெக்கையுமா கட்டைவெரல் அளவுல ஒரு குருவி. புத்தகத்துல அதுக்கு நீளமா ஒரு இங்கிலீஷ் பேரு, ஊசிக்குருவின்னது நான் வச்சது. இருட்டுப் புதருக்குள்ளயே கெடக்கும், கண்ணுல படாது. மூங்கில் தூருல உக்காந்துக்கிட்டு ஸீ...ன்னு ஒரு இழு இழுக்கும், ஊசியில நூலைக் கோத்து இழுக்குற மாதிரி, அதை வச்சுத்தான் அது இருக்குன்னே தெரியும். அந்தச் சத்தத்தை நான் கேட்டு மூணு பொங்கல் ஆச்சு. கேக்கல, அதனால இல்லன்னு நானே ஊரெல்லாம் சொல்லிட்டேன். இப்ப காது போச்சுன்னா குருவி இருக்கு, காது இருந்தா குருவி போச்சு. ரெண்டுல எதைக் கேக்குறது? எதைக் கேட்டாலும் ஒரு சாவு விழுகுது.

வந்துருச்சு. பூன்னு ஒரு சத்தம், வலது காதுல. அமுக்கினேன். இன்னும் மெல்லிசா, தூரத்துல ஃபேக்டரி சங்கு ஊதுற மாதிரி. அமுக்கினேன். அதைவிட மெல்லிசு, இருக்கா இல்லையான்னு தெரியாத அளவுக்கு. அதையும் அமுக்கினேன், பாத்தியா, இது கேக்குதே, எனக்கென்ன வந்துச்சு, இங்க அனுப்புன டாக்டரம்மா பாத்ததுமே வயசாச்சுல்லன்னு சொன்னாங்களே, வயசு அவங்க பேனாவுக்குத்தான் ஆச்சுன்னு ஒரு வீராப்பு வந்துச்சு. மார்ல ஒரு துள்ளல். அப்புறம் சத்தம் ஒரு படி மேல ஏறுச்சு, விசில் மாதிரி, அதையும் பிடிச்சேன். அடுத்த படி. கொஞ்சம் நேரம் ஆச்சு. வந்துச்சா? வந்துச்சு, பலமா வந்தப்பதான் வந்துச்சு. அடுத்த படி. சில்வண்டு. சில்வண்டு. ஏ சில்வண்டே, செத்த நேரம் வாயை மூடேன். சில்வண்டு. அந்தப் பொண்ணு என்ன, டீ குடிக்கப் போயிட்டாளா? ஒண்ணும் வரல. ஒண்ணும் வராம இருக்குறது அவ அனுப்பாததாலயா, அனுப்பியும் நான் வாங்காததாலயா, அதை எப்படித் தெரிஞ்சுக்குறது? காட்டுலயும் இதே கதைதான். குருவி கத்தலையா, கத்துனது என் வீட்டு வாசல் வரைக்கும் வந்து கதவு தட்டிட்டுத் திரும்பிப் போச்சா, உள்ள இருக்குறவனுக்கு என்ன தெரியும்.

கை தன்னால மணிக்கட்டுக்குப் போகுது. வாட்ச் இல்ல, வெறுந்தோலைத் தடவுறேன். யோசனை முட்டிக்கிட்டா பட்டனை அமுக்குறது பழக்கமாயிருச்சு. அந்த வாட்சுல அஞ்சு பட்டன், அமுக்கினா உயரம் வரும், இன்னொரு தடவை அமுக்கினா காத்தோட அழுத்தம், அப்புறம் திசை, அப்புறம் குளிரு, அப்புறம் ஓட்டப் பந்தயத்துக்கு ஒண்ணு, சோறு வேகுறதுக்கு ஒண்ணு, அப்புறம் வெளிநாட்டு ஊருங்க வரிசையா, எனக்கு அங்க யாரு இருக்கா, எவன் தூங்குறான் எவன் முழிச்சான்னு தெரிஞ்சு நான் என்ன பண்ண. எல்லாம் முன்னாலதான் போகும், பின்னால வராது. வேணுங்கறதைத் தாண்டி ஒரு அமுக்கு அமுக்கிட்டா மறுபடி உலகத்தையே ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வரணும். மைசூர்லேருந்து தவளை பாக்க வந்த ராவ் சாரு குடுத்தது. முழங்கால் போயிருச்சு முத்து, இனிமே மலையேற மாட்டேன், இது உன் கையில இருக்கட்டும்னு அவரே கட்டிவிட்டுட்டுப் போனாரு. கூடவே வாட்சை எப்படி ஓட்டுறதுன்னு சொல்ற, செபப்புத்தகம் தண்டிக்கு ஒரு புத்தகம், ஊருல உள்ள பாஷை அத்தனையும் இருக்கு தமிழைத் தவிர. அதுவும் ஒரு கார்மழையில ஊறி அப்பளமாப் போச்சு. ஆனையை வாங்கி அங்குசத்தை ஆத்துல விட்ட கதை. அவரு வச்ச அலாரம் ஒண்ணு மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு அடிக்கும். எதுக்கு வச்சாருன்னு தெரியாது, மாத்திரைக்கா, மகளுக்குப் போன் பண்ணவா, நிறுத்தவும் தெரியாது. தெனமும் யாரோட ஞாபகமோ என் கையில அடிச்சு ஓயும். அதுபோக மணிக்கு ஒரு தரம் பீப்பீப்புன்னு ஒரு இருமல். பூசையில எழுந்தேற்ற நேரத்துல, அப்பத்தைத் தூக்கிப் பிடிச்ச பாதரு அப்படியே நின்னு என்னை மொறைச்சாரு ஒரு தரம். ரோணிக்கம் ஒரு வாரம் என்கூடப் பேசல.

ஆனா அவளும் லேசுப்பட்டவ இல்ல. வாட்சுல உயரம்னு ஒண்ணு காட்டுதே, அது காத்தை வச்சுச் சொல்லுது, மழை வர்றதுக்கு முந்தி காத்து லேசாகும், அப்ப நாம இருந்த எடத்துலயே இருந்தாலும் வீடு மேல ஏறிட்டதா வாட்ச் காட்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருசம் ஆச்சு. அவ ஒரே மழைக்காலத்துல பிடிச்சுட்டா. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாதவ, நம்பரு மட்டும் தெரியும். காலையில கொழுந்தெடுக்கப் போறதுக்கு முந்தி என் கையைப் பிடிச்சுத் திருப்பி, ஏங்க வீடு மேல ஏறியிருக்கு, துணியை உள்ள போடுங்கம்பா. சொன்ன மாதிரியே பத்து மணிக்குக் கொட்டும். எங்களுக்குப் பிள்ளையில்ல. ரெண்டு பேரும் கட்டில்ல கெடந்து, வெளிய சாரல் அடிக்கும்போது, இப்ப எங்க இருக்கோம்னு கேப்பா, நான் பட்டனை அமுக்கி வெளிச்சத்துல பாத்து, முப்பது மீட்டர் மேல இருக்கோம்டிம்பேன், இன்னும் கொஞ்சம் ஏறுனா பரலோகம்தான்னு சிரிப்பா. அந்தச் சிரிப்புகூட இப்ப பாதிதான் கேக்குதோ என்னவோ. அதை இதுவரைக்கும் நான் யோசிக்கவே இல்லையே. சிரிக்கும்போது கடைசியில மூச்சை உள்ள இழுத்து மெல்லிசா ஒரு சத்தம் போடுவா. அது எப்ப நின்னுச்சு? அவ நிறுத்திட்டான்னு நெனச்சேன். வயசாச்சு, பொம்பளை அடக்கமாயிட்டான்னு நெனச்சேனே, பாவி.

பூ. அமுக்கினேன். இது இடது காது, திரும்பக் கீழேருந்து ஆரம்பிக்குறா. வலது காது முடிஞ்சே போச்சா? அங்க நான் எதையுமே அமுக்காம கெடந்த நேரம்தான் அதிகம். டீ ஃபேக்டரியில வேலை பாத்தப்ப இடது காதுதான் எனக்கு ரோலர் ரூம் பக்கம் இருந்தது. இலையை அரைக்குற மெஷின், பக்கத்துல நின்னா பல்லு ஆடும். பஞ்சு வைங்கடான்னு மேஸ்திரி கத்துவாரு, நான் வச்சதில்ல. பஞ்சு வச்சா மெஷினுக்கு எங்க நோவுன்னு தெரியாது. சத்தத்துல ஒரு சின்னக் கரகரப்பு வந்தாப் போதும், நிறுத்துங்கடா பேரிங் போகப் போகுதுன்னு சொல்லிருவேன். எனக்கு அதுல ஒரு திமிரு. வேலை விட்டு வெளிய வந்தா மரத்துல குருவிக் குரல் ஒவ்வொண்ணும் கழுவி வச்ச மாதிரி கேக்கும். பகல் பூரா எட்டு மணி நேரம் அரைபட்ட காதுக்கு அது மருந்து. மருந்துன்னு நெனச்சுத்தான் காட்டுக்குப் போனேன், குருவி படிக்கணும்னு போகல. மெஷின் என் காதை உச்சத்துச் சத்தத்துலேருந்து கொஞ்சங்கொஞ்சமா தின்னுக்கிட்டே வந்திருக்கு. முதல்ல ஊசியளவு, அப்புறம் நூலளவு. கீழ இருக்குற சத்தத்தையெல்லாம் விட்டு வச்சதால எனக்குத் தெரியல. மயிலு கேக்குது, இருவாச்சி கேக்குது, ரோணிக்கம் திட்டுறது கேக்குது, அப்புறம் என்ன குறைச்சல்னு இருந்துட்டேன்.

வாட்சோட சத்தம் செத்துருச்சுன்னுதான் நெனச்சேன். மணிக்கொரு இருமல் நின்னுபோச்சு. ரெண்டே முக்கால் நின்னுபோச்சு. தண்ணி எறங்கியிருக்கும்னு நெனச்சேன், ராவ் சாரோட ஞாபகம் ஓய்ஞ்சுபோச்சுன்னு ஒரு மாதிரி நிம்மதிகூட. பூசையில தைரியமா கையைக் கூப்புனேன். போன மாசம் எஸ்டேட்டுக் குடியிருப்புல, மூணாம் லயத்துல, குருசம்மா வீட்டுல சாவு, அவ புருசன். சாயங்காலம் செபம். எல்லாரும் தலையைக் குனிஞ்சு மௌனமா இருக்கோம், ஈ பறக்குறது கேக்கும்னு சொல்வாங்களே அந்த மாதிரி. திடீர்னு குருசம்மா தலையைத் தூக்குனா. பக்கத்துல இருந்தவ திரும்புனா. அந்தப் பக்கம் ரெண்டு ஆம்பளைங்க. எல்லார் கண்ணும் என் கையில. ரோணிக்கம் தொடையில கிள்ளுனா, ஏங்க நிறுத்துங்கன்னு. எதைடின்னேன், எனக்கு மெதுவாப் பேசுறதா நெனப்பு, செத்தவன்கூட எந்திரிச்சிருப்பான். வாட்சைன்னா. வாட்ச் அடிக்காதுடி, அதோட சத்தம் செத்து ரெண்டு மூணு வருசமாச்சேன்னேன். அந்தப் பொணத்தை வச்சுக்கிட்டு அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அது அடிச்சுக்கிட்டுதான்யா இருக்கு, மணிக்கு மணி அடிக்குது, மத்தியானம் அடிக்குது, நீங்கதான் வேணும்னே நிறுத்தாம வச்சிருக்கீங்கன்னு இருந்தேன்னா. வெளிய வந்து, அடுத்த மணி வர்ற வரைக்கும் லயத்துப் படியில உக்காந்து வாட்சைக் காதுல ஒட்டி வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன். மணி ஆச்சு. பக்கத்துல நின்ன ரோணிக்கம், இந்தா அடிக்குதுல்லன்னா. காதுல ஒட்டி இருக்கு. ஒண்ணுமில்ல. செவிடன் காதுல ஊதுன சங்குன்னு எத்தனை பேரைக் கிண்டல் பண்ணியிருக்கேன் நான், சங்கு ஊதுறவன் பக்கம் நின்னு சிரிச்சவன்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல, வாட்சை நெனச்சு இல்ல. செவப்புத் தொப்பி போட்ட பொண்ணை நெனச்சு. பொங்கலுக்குப் பொங்கல் குருவி எண்ண வருவாங்க, கோயம்புத்தூர்லேருந்து, மெட்ராசுலேருந்து. நான் முன்னால போவேன், நான் நிக்குற எடத்துல நிப்பாங்க, நான் கையைத் தூக்குனா மூச்சைப் பிடிப்பாங்க. மூணு வருசத்துக்கு முந்தி மேல சோலையில நின்னு ரொம்ப நேரம் காதைக் குடுத்துட்டு, இல்லன்னேன். ஊசிக்குருவி இல்ல, வாங்க போவோம். அப்ப அந்தத் தொப்பிப் பொண்ணு பின்னாலேருந்து, அண்ணா ஏதோ ரொம்ப மெல்லிசா ஸீன்னு கேக்குதேன்னா. புதுசா வந்தவ, பயந்து பயந்து கேட்டா. நான் சிரிச்சுக்கிட்டே, அது சில்வண்டும்மான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும் வெக்கப்பட்டுச் சிரிச்சா. அடுத்த வருசம் அங்க நிக்கக்கூட இல்ல. போன பொங்கலுக்குப் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டு என்னைப் பேசச் சொன்னாங்க. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு, மருந்தடிச்சே கொன்னுட்டீங்க, ரிசார்ட்டு வெளிச்சம் போட்டே வெரட்டிட்டீங்க, ஒரு சின்ன உசுரு, அது இந்த மண்ணை விட்டே போயிருச்சுன்னு சொல்லி அழுதேன். கைதட்டுனாங்க. அந்தப் பொண்ணும் அழுதா. அவ கேட்டதை நான் அவகிட்டேருந்தே பிடுங்கிட்டு, அவளையே அழ வச்சிருக்கேன்.

சில்வண்டு. ரொம்ப நேரமா சில்வண்டு மட்டும்தான். இடது காதும் மேல ஏறிருச்சு. எனக்குப் பக்கவாட்டுல சின்னதா ஒரு ஜன்னல் கண்ணாடி, அவளை நான் நேராப் பாக்கக் கூடாதுன்னு நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கா. ஆனா கடைக்கண்ணுல, கண்ணாடியோட ஓரத்துல, டெஸ்ட்டு எடுக்குற பொண்ணோட தோளு மங்கலாத் தெரியுது. தோளு லேசா எறங்குது, ஏறுது. எறங்கும்போதெல்லாம் அவ ஒரு பட்டனைத் தட்டுறா. இலை அசைஞ்சா காத்தா குருவியான்னு சொல்ற கண்ணுய்யா இது, இதுக்கு அது போதாதா? தோளு எறங்குச்சு. கேக்கல. அமுக்கினேன். மறுபடி எறங்குச்சு. மறுபடி அமுக்கினேன். என் கட்டைவெரலு என்னைக் கேக்காமலே பண்ணுது. அடப்பாவி, இதைத்தானே வருசக்கணக்காப் பண்ணிக்கிட்டு இருக்க. வந்தவங்க தலை எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாத்து அந்தப் பக்கம் பாக்குறது, குருவி கண்ணுல பட்டதும் பேரைச் சொல்றது, எல்லாரும் ஆகா காதுக்காரருன்னு மெச்சுறது. கண்ணால கேட்டிருக்க நீ. இப்பவும் இப்படியே அமுக்கிக்கிட்டே போனா இந்தப் பொண்ணு ஏமாந்துருவா, காது நல்லா இருக்குங்கய்யான்னு எழுதிக் குடுத்துருவா, நான் மலைக்குப் போய் இன்னும் நாலு வருசம் சோறு திங்கலாம். ரோணிக்கத்துக்கு மூட்டு வலி, அவ கொழுந்துக்குப் போறதை நிறுத்தலாம். யாருக்கு என்ன கேடு? யாருக்கா? ஒவ்வொரு தடவை பொய்யா அமுக்கும்போதும் எனக்குக் கேக்குதுன்னு சொல்றேன். காது நல்லாக் கேக்குதுன்னா, ஊசிக்குருவி அங்க இல்லன்னு சொல்றேன். உசுரோட இருக்குறதைச் செத்துப்போச்சுன்னு மூணு வருசம் சொன்னது போதாதா, இப்ப டாக்டர் கையெழுத்து வேற வாங்கிச் சாகடிக்கணுமா. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். பட்டனைப் பிடிச்ச கையை மடியில வச்சேன். பயமா இருந்துச்சு. இருட்டுல ஒரு கெணத்துக்குள்ள எறங்குற மாதிரி, காலுக்கு எதுவும் தட்டுப்படல. ஸீன்னு இப்ப ஒரு சத்தம் எங்கயோ போய்க்கிட்டு இருக்கும், என் காதுக்குள்ளயே, ரெண்டு வெரக்கடை தூரத்துல. வரட்டும். போகட்டும். நான் அமுக்க மாட்டேன்.

கதவைத் திறந்துட்டா. முடிஞ்சுதுங்கய்யான்னு மூடியை எடுத்தா. நான் எந்திரிக்கல. தாயி, நடுவுல ரெண்டு தடவை உன் தோளைப் பாத்துப் பொய்யா அமுக்கிட்டேன், அதை அழிச்சுருன்னேன். அவ சிரிச்சா. தெரியுமுங்கய்யா, நிறையப் பேரு பண்றதுதான், நான் சத்தமே வைக்காம சும்மா தட்டிப் பாத்தேன், அதுக்கும் அமுக்குனீங்க, அதனால அதைக் கணக்குல எடுத்துக்கலைங்கன்னா. எனக்கு அவ கால்ல விழணும் போல இருந்துச்சு. வெளிய மேசையில ஒரு தாளு, கட்டம் கட்டமா. ரெண்டு கோடு, ஆரம்பத்துல நேராப் போகுது, பாதிக்கு மேல ரெண்டும் சரிஞ்சு விழுகுது. ரோணிக்கம் எந்திரிச்சு வந்து என் தோள்ல கையை வச்சுக்கிட்டு எட்டிப் பாக்குறா. கீழ்ச் சத்தமெல்லாம் பரவால்லீங்கய்யா, உயரமான சத்தந்தான் போயிருச்சுங்க, இன்னைக்கு நேத்துப் போனதில்ல, வருசக்கணக்கா ஆகியிருக்கும், காதுல மெஷின் வச்சுக்கிட்டா பேச்சு நல்லாப் புரியும், ஆனா இந்தக் கடைசிப் பக்கம் இருக்குற சத்தம் திரும்ப வராதுங்கன்னு மெதுவா, எனக்குக் கேக்கணும்னு வாயை நல்லாத் திறந்து சொன்னா. நல்ல பொண்ணு, அவளுக்கே சங்கடமா இருக்கு. ரோணிக்கம் கை என் தோள்ல இறுகுச்சு.

"தாயி, ஒரு குருவி இருக்கு. ஸீன்னு ஊசியாட்டம் இழுக்கும். அது இதுல எங்க வரும்?"

அவ கொஞ்சம் யோசிச்சு, போனை எடுத்து, பேரு தெரியுங்களான்னா. அந்த நீளமான இங்கிலீஷ் பேரைச் சொன்னேன். தேடி எடுத்து போனைக் காதுகிட்ட வச்சுக் கேட்டா. அவ புருவம் மேல போச்சு. எனக்குக் கேக்குற மாதிரி சத்தத்தைக் கூட்டி என் பக்கம் நீட்டுனா, நான் அவ மூஞ்சியத்தான் பாத்தேன். அப்புறம் தாளோட வலது ஓரத்துல, கோடு விழுந்து முடிஞ்ச எடத்தையும் தாண்டி, வெரலை வச்சா.

"இங்கீங்கய்யா."

"அங்க எனக்கு ஒண்ணுமே இல்லையா?"

"இல்லீங்கய்யா."

"நல்லாப் பாத்துச் சொல்லு தாயி. கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்லீங்கய்யா."

நான் நாற்காலியில உக்காந்து அழ ஆரம்பிச்சேன். சத்தம் போட்டு அழுதேன்னு நெனைக்குறேன், வரிசையில உக்காந்திருந்தவங்கெல்லாம் எட்டிப் பாத்தாங்க. ரோணிக்கம் தரையில குத்த வச்சு உக்காந்து என் ரெண்டு முழங்காலையும் பிடிச்சுக்கிட்டா. அவ கண்ணுலயும் தண்ணி. "அழாதீங்க. காது போனா என்ன, நான் கேட்டுச் சொல்றேன். இதுக்குப் போயி இப்படியா?"

"காதுக்கு இல்லடி ரோணி," சொன்னேன். "ஊசிக்குருவி இருக்குடி. அது அங்கதான் இருக்கு."